முகத்துக்கு நேராகச் சந்தேகப்பட்டவர்

தரணி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸப்பில் வந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை. எங்கள் டிசைனர்கள் குழுவில் போன வருஷம் ஒருவருக்கு ஆழ்ந்த இரங்கல் போட்டு, கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்த பிறகு, அந்த மனிதரே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் போட்டார். ஆகவே வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்தான். ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது. இலையில் விழுந்த கூட்டில் கிழங்கு இருக்கிறதா என்று கேட்கப் போகிறவர் போலப் பரிமாறுகிறவரை முறைத்துக்கொண்டிருந்தார். அனுப்பியவரிடம் யார் சொன்னது என்று கேட்டேன். ஃபார்வர்டு வந்தது என்றார். கடைசியில் தரணி சாரின் எண்ணுக்கே கூப்பிட்டேன். அவர் மனைவி சுநந்தா அம்மா எடுத்தார். "உண்மைதாம்மா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அதற்குப் பிறகுதான் அழுதேன்.

சரிபார்த்துவிட்டு அழுததற்காக அவர் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார். என் இடத்தில் அவர் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கேட்டிருப்பார்.

திருப்பருத்திக்குன்றத்துத் தரணேந்திரன் என்றால் காஞ்சிபுரத்தில் பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் தரணி என்றால் தெரியும். பட்டுக்கடைகளில் கணினிகளையும் அவற்றின் இணைப்புகளையும் பார்த்துக்கொண்டவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு சங்கதிகள் தெரிந்திருக்கும். ஒன்று, அவர் பெரிய சந்தேகப் பிராணி. இன்னொன்று, அவர் வேலை பார்த்த கடையின் டிசைன்களை வெளியே விற்றார். முதலாவது உண்மை. இரண்டாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் வசந்தி, அந்தக் கடையில் சேலைக் கரை வரைகிறவள்.

எங்கள் டிசைன் அறை சின்ன காஞ்சிபுரத்தில் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஒரு ஷேர் ஃபோல்டர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. வரைந்து முடித்த கரையையும் முந்தியையும் அந்த ஃபோல்டரில் போட்டால் முதலாளி தன் அறையிலிருந்தே பார்த்துக்கொள்வார். வேறு யாரும் பார்க்க முடியாது. எனக்கும் எதிரில் இருந்த முருகேசனுக்கும் நடுவே ஒரு மேஜைதான். ஆனால் அவருடைய மயில் கழுத்தைத் திருப்பியிருக்கிறதா, தோகையை விரித்திருக்கிறதா என்பது சேலை தறியை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு கரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் மறுமாதம் அது விசைத்தறியில் ஓடும். அதனால் நாங்கள் டீ குடிக்கப் போகும்போதும் திரையை அணைத்துவிட்டுத்தான் போவோம்.

இந்த ஃபோல்டர்களையெல்லாம் நெட்வொர்க் வழியாக நகலெடுக்கும் பேக்கப் மென்பொருள் ஒன்று தரணி சார் வருவதற்கு முன்பே இருந்தது. கணினி விற்றவர்களே அமைத்துக் கொடுத்தது. தினமும் பச்சை டிக் போட்டு வெற்றி என்று காட்டும். முதலாளிக்கு அதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. தரணி சார் வந்த முதல் நாள் அந்தப் பச்சையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டுங்கள் என்றார். திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. முன்பு அமைத்தவர்கள் எங்கள் ஃபோல்டர்களுக்கு இசட் என்று ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, அந்த இசட்டை நகலெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது கணினியில் நுழைந்து வேலை செய்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற எழுத்து. பின்னால் தானாக ஓடும் மென்பொருளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது தினமும் போய்ப் பார்த்திருக்கிறது, எதுவும் இல்லை, அந்த எதுவுமில்லாததைப் பத்திரமாக நகலெடுத்து வெற்றி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. தரணி சார் இசட்டைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் பெயரையும் ஃபோல்டரின் பெயரையும் முழுப் பாதையாக எழுதிச் சேர்த்தார். அன்று அவர் முதலாளியிடம் சொன்னதைப் பிறகு எங்களிடமும் அடிக்கடி சொல்வார்: "பச்சைய நம்பாதீங்க. திருப்பி எடுத்துப் பாத்தாத்தான் அது காப்பி. அதுவரைக்கும் அது வெறும் பேச்சு."

அதன் பிறகு எங்களோடு சண்டை வந்தது. மென்பொருள் எல்லா ஃபோல்டரையும் நகலெடுக்க வேண்டுமானால், அதற்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்குக்கு எல்லோருடைய ஃபோல்டரையும் படிக்க உரிமை கொடுக்க வேண்டும் என்றார். முருகேசன் மேஜையை விட்டு எழுந்தே விட்டார். நான், என் ஃபோல்டரை நீங்கள் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன். மற்றவர்களாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இவருக்கு மலர்ந்தது. "கரெக்டா கேக்கறீங்க வசந்திம்மா, இதைத்தான் கேக்கணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கணக்கால் படிக்க மட்டும்தான் முடியும், ஒரு புள்ளியைக்கூட மாற்றவோ அழிக்கவோ முடியாது என்று செய்தே காட்டினார். அப்படியும் படிக்கலாம் இல்லையா என்றேன். படிக்கலாம்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காகத்தான் உரிமையைக் கொடுத்தேன்.

நகலெடுக்கும் நேரத்தை அவர் முதலில் இரவுக்கு வைத்தார். எல்லா இடத்திலும் அப்படித்தானாம். ஆனால் எங்கள் முதலாளி கடை சாத்தும்போது விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிறவர். கீழே அடுக்கியிருப்பது பட்டும் ஜரிகையும், மேலே ஓடுவது பழைய ஒயரிங். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார். தரணி சாரும் இரவு தங்குகிறவர் இல்லை. கிழங்கு தொடாத, சூரியன் அடைவதற்குள் சாப்பிட்டாக வேண்டிய ஜைனர், சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துவிடுவார். ஆகவே நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினார். அதிலும் ஒரு வம்பு. நாங்கள் டிசைனைத் திறந்தபடியே சாப்பிடப் போவோம், திறந்திருக்கும் ஃபைலை மென்பொருள் எடுக்காமல் தாண்டிப் போய்விடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, சாப்பாட்டு அறை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "மூடினீங்களா?" என்று கேட்பார். மூடிவிட்டோம் என்று சொன்னாலும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாங்கள் அதை வைத்து அவரைக் கேலி செய்யாத நாளில்லை. அவர் கொண்டுவந்த தண்ணீரை ஜைன வழக்கப்படி துணியில் வடிகட்டிக் குடிப்பதைப் பார்த்து முருகேசன், பச்சைத் தண்ணி மேலயும் சந்தேகமா சார் என்பார். ஆமாம் என்பார் சிரிக்காமல்.

இத்தனை சந்தேகமும் ஒரே ஒரு இடத்தில் நின்றுபோனது. கட்டடமே எரிந்துபோனாலும் டிசைன்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக ஒரு நகலை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும் என்றார். முதலாளி உடனே, எங்கள் வீட்டுப் பூஜை அறையில் வைக்கிறேன், அதைவிடப் பத்திரமான இடம் ஊரில் ஏது என்றார். டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடலாம் என்று தரணி சார் மெல்லச் சொன்னார். முதலாளி, எனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, சாமி முன்னால் வைப்பதற்குப் பூட்டு வேறு எதற்கு என்றார். தரணி சார் தலையாட்டிவிட்டார். அவர் எதற்கும் உடனே தலையாட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போகும், முதலாளியம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவார். திரும்பி வரும்போது ஒயர் செருகும் துளையெல்லாம் குங்குமமாக இருக்கும். தரணி சார் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கல்யாண சீசன் தொடங்க இருந்த சமயம் ஒரு நாள் குழுவில் ஒரு படம் வந்தது. சென்னையில் புதிதாக வந்த ஒரு கடையின் சேலை. கரையில் இருந்தது என் இருதலைப்பட்சி. பட்சி எல்லோரும் போடுவதுதான். இரண்டு கழுத்தும் பிரிகிற இடத்தில் முத்துக்கோவையைச் சுற்றி, கீழே ஒரு முத்தை மட்டும் தனியாகத் தொங்கவிட்டது நான். எங்கள் தறியில் அப்போதுதான் பாவு பிணைத்திருந்தார்கள், ஒரு முழம்கூட நெய்யவில்லை. என் தம்பி சென்னையில் பட்டு புரோக்கரிடம் வேலை பார்க்கிறான். என்னைச் சந்தேகப்பட இது போதாதா? யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் நான் போனால் பேச்சு சட்டென்று சமையலுக்கு மாறும். முருகேசன் தன் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், சொல்லி அனுப்புகிறேன் என்று மிக மரியாதையாகச் சொன்னார். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களை இந்த ஊரில் வேறு எந்தக் கடையும் மாடி ஏற விடாது. என் மகள் ஏனாத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுக்கும் எட்டி, அவளும் என்னை ஒரு மாதிரி பார்த்தது போல் எனக்குப் பட்டது. அது என் கற்பனையாக இருக்கலாம். அந்த நாட்களில் யார் பார்த்தாலும் அப்படித்தான் பட்டது.

அப்போது தரணி சார் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லும் முன்பே பேசினார்.

"உங்க மேல எனக்கு சந்தேகம் இருக்குது வசந்திம்மா. பின்னாடி பேசறது நல்லா இல்ல. அதான் வந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லியாகிவிட்டது இல்லையா, கிளம்புங்கள் என்றேன். அவர் கிளம்பவில்லை. என் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும், டிசைனைப் போனில் படம் எடுத்தேனா, தம்பி கடைசியாக எப்போது வந்தான் என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொன்னேன். தம்பி எண்ணை வாங்கி என் எதிரிலேயே கூப்பிட்டு அவனையும் கேட்டார். எல்லாம் முடிந்து எழுந்தவர், "இன்னும் போகல. ஆனா கொறஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அந்த மனிதர் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை நாளில் என்னை உட்காரவைத்து, நீ செய்தாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தரணி சார் சுநந்தா அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், அந்தக் கடையில் பகல் முழுக்கச் சேலை பார்ப்பது போல் உட்கார்ந்திருக்கிறார். விற்பனைப் பெண்கள் மலைபோல் பிரித்துப் போட்டும் ஒன்றுமே எடுக்காமல் வந்தது தனக்கு எத்தனை அவமானமாக இருந்தது என்று சுநந்தா அம்மா பின்னால் சொன்னார். அங்கே என் பட்சி மட்டும் இல்லை. முருகேசனுடைய மயிலும் இருந்தது, இன்னொருவர் வரைந்த மாங்காய் முந்தியும் இருந்தது. சென்னையிலிருந்தே தரணி சார் எனக்குப் போன் செய்து, முருகேசன் ஃபோல்டரை உங்களால் திறக்க முடியுமா என்று கேட்டார். தலைகீழாக நின்றாலும் முடியாது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். முதலாளி முன்னால், எல்லா டிசைனர்களும் நிற்க, அவர் பேசியது எனக்கு வார்த்தை தவறாமல் நினைவிருக்கிறது.

"வெளிய போயிருக்கறது ஒருத்தர் டிசைன் இல்ல சார். எல்லார்துமே போயிருக்குது. உங்கள விட்டா, எல்லா ஃபோல்டரையும் படிக்க முடிஞ்சது இந்த மாடியில எனக்கு மட்டும்தான். என்னை விட்டா, நான் எடுத்த காப்பி கையில கெடைச்சவங்களுக்கு. வசந்திம்மாவ விட்டுடுங்க. என்னை விசாரிங்க, காப்பி எங்கெங்க போச்சுன்னு விசாரிங்க."

காப்பி எங்கே போகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் மாப்பிள்ளை சென்னையில் புதிதாகப் பட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்ததும், வாரக் கடைசியில் மாமனார் வீட்டுக்கு வந்து தங்குவதும் எல்லோருக்கும் தெரியும். முதலாளி, எங்கள் வீட்டுச் சாமி அறையைச் சொல்கிறாயா என்றார். தரணி சார், "நான் இடத்தைத்தான் சொல்றேன் சார், ஆளைச் சொல்லல" என்றார்.

முதலாளி அன்றே என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். தரணி சாரை இனி வர வேண்டாம் என்றார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் அதைச் சொல்லிக்கொண்டது. எல்லா ஃபோல்டரையும் தன்னால்தான் படிக்க முடியும் என்று அவர் வாயாலேயே சொன்னாரே, அதுதான் அவருக்கு எதிரான சாட்சி. ஒவ்வொரு கடையாக அவரை நிறுத்தியது. கடைசி வருஷங்களில் ஊருக்குள்ளேயே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்து, பிள்ளைகளுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் நானும் உங்கள் தம்பி பேச்சை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். உனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, நீ அவருக்காகப் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று சிரித்தார்கள். தரணி சாரிடமும் புலம்பினேன். அவர் தன்னை விட்டுக்கொடுத்த மாதிரி வேறு யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. "மாப்பிள்ளைதான்னு உங்களுக்குத் தெரியுமா? பாத்தீங்களா? பாக்காம சொல்லாதீங்க. என் தப்பு எனக்குத் தெரியுது. பாஸ்வேர்டு போடாம காப்பிய வெளிய அனுப்பினேன். சாமி முன்னாடி இருக்கறத எவன் தொடுவான்னு நெனச்சிட்டேன்" என்றார். அவர் ஜைனர், முதலாளி வீட்டில் இருப்பது வேறு சாமி. ஆனாலும் சாமி என்ற சொல்லுக்கு அவர் சந்தேகம் கட்டுப்பட்டது. மாப்பிள்ளைதானா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

துக்கம் கேட்க நான் போன அன்று முதலாளியும் வந்திருந்தார். முன்பைவிடத் தளர்ந்துவிட்டார். சந்தன மாலை போட்ட படத்துக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு மெல்ல எழுந்தார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை அல்லவா, அவருக்கு அது வசதியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. வாசலுக்குப் போவதற்குள் எழுந்து எதிரில் நின்றேன்.

"ஐயா, காப்பி எடுத்த டிஸ்க்கு உங்க வீட்டு சாமி ரூம்லதானே இருந்துச்சு? அந்த ரூமுக்கு யார் யார் போவாங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். இடம் பொருள் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள். முதலாளி படத்தைப் பார்த்தார், சுநந்தா அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா. என் வீட்லதான் இருந்துச்சு. எங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே போவாங்க. தரணி எடுக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

சுநந்தா அம்மா சத்தம் போடவில்லை. "இதை அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். முதலாளி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். சுநந்தா அம்மா உள்ளே போய்விட்டார். அவர் அழுதது கூடம் வரை கேட்டது.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. துக்க வீட்டில் படத்துக்கு எதிரில் நின்று சொன்ன வார்த்தை எத்தனை நாள் தாங்கும்? தரணி சாராக இருந்தால், இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார். மறுநாள் டிசைன் அறைக்கு முதலாளி வந்தபோது, முருகேசன் உட்பட எல்லோரும் இருக்கையில், அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டேன். முதலாளி திரையில் எதையோ பார்த்தபடி, "துக்க வீட்ல ஏதோ பேசினோம். அதெல்லாம் இங்க எதுக்கும்மா" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். இதைப் படித்த பிறகு கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று முதலாளி மறுபடி மரியாதையாகச் சொல்லலாம். சொல்லட்டும். தரணி சாரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். யார் மேல் சந்தேகமோ அவர் எதிரில் போய் நின்று அவரிடமே கேட்பது. தரணி சார் எடுக்கவில்லை என்று முதலாளி வாயால் சொன்னதை அந்தக் கூடத்தில் சிலர் கேட்டோம். சுநந்தா அம்மா கேட்டார். இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள். என்னை நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. முதலாளி தினமும் காலையில் கடையில்தான் இருப்பார். போய் நேரில் கேட்டுப் பாருங்கள்.